நேக்கட் பைக் எல்லாமே ஸ்ட்ரீட்ஃபைட்டர் ஆகிவிடுமா?

சேலம்_ரைடர்:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் யமஹா ஆர்15 வி3 ஸ்போர்ட்ஸ் பைக் இருக்கிறது. பார்க்கிங்கில் யாரோ இடித்துச் சாய்த்ததில் இடது பக்க ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை) உடைந்துவிட்டது. புதுசுக்கு விலை கேட்டால் தலை சுற்றுகிறது. மொத்த ஃபேரிங்கையும் கழற்றிவிட்டு, அகலமான ஹேண்டில்பார் போட்டு ஸ்ட்ரீட்ஃபைட்டர் ஆக்கிவிடலாம் என்கிறான் நண்பன். அப்படிச் செய்தால் அது ஸ்ட்ரீட்ஃபைட்டர்தானா? கேடிஎம் டியூக் 390, பஜாஜ் பல்சர் என்எஸ்200, யமஹா எம்டி-15 எல்லாவற்றையும் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். ஃபேரிங் இல்லாத நேக்கட் பைக்குக்கும் ஸ்ட்ரீட்ஃபைட்டருக்கும் என்னதான் வித்தியாசம்?

மதுரை_எம்டி:
முகத்தைப் பார்த்தாலே தெரியும் ப்ரோ. ஹெட்லைட் தாழ்ந்து முறைக்கும், வால் பக்கம் தூக்கி இருக்கும், டேங்க் புடைத்து இருக்கும். அவ்வளவுதான்.

கோவை_கேரேஜ்:
முகத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது தம்பி. அந்த முகம் எப்படி வந்தது என்று பாருங்கள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் மாதிரி ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருந்த இளைஞர்களுக்கு, சேலம் தம்பிக்கு இப்போது வந்திருக்கும் அதே பிரச்சினைதான். வண்டி விழும், ஃபேரிங் உடையும், புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது. உடைந்ததைக் கழற்றிவிட்டு, நேரான ஹேண்டில்பாரும் இரண்டு உருண்டை லைட்டும் மாட்டி ஓட்டினார்கள். 1997-இல் டிரையம்ஃப் நிறுவனம், ஸ்பீட் டிரிபிள் டி509 வண்டியை அந்த உருண்டைக் கண்களோடு கம்பெனியிலேயே செய்து விற்றது.

ஆகவே நான் முதலில் பார்ப்பது எலும்பைத்தான். ரேஸ் டிராக்குக்காகச் செய்த ஃபிரேம், சஸ்பென்ஷன், பிரேக் உள்ளே இருக்க வேண்டும். அடுத்தது ஹேண்டில்பார். ஸ்போர்ட்ஸ் பைக்கின் கிளிப்-ஆன் ஹேண்டில், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் குழாயைக் கவ்விக்கொண்டு தாழ்வாக இருக்கும். உடம்பின் பாரம் முன்சக்கரத்தில் இறங்கும். அதை உயர்த்தி அகலப்படுத்தினால் நாம் நிமிர்ந்து உட்காருவோம், முன்பக்கம் லேசாகும், சின்னதாகத் தள்ளினாலே வண்டி திரும்பும். ஆனால் ஃபிரேமில் ஃபோர்க் நிற்கும் செங்குத்தான கோணம் அப்படியே இருக்கிறது. இந்த இரண்டும் சேரும்போது வரும் துடிப்புக்குப் பெயர்தான் ஸ்ட்ரீட்ஃபைட்டர். 2020-இல் வந்த டுகாட்டி ஸ்ட்ரீட்ஃபைட்டர் வி4-க்கு 208 குதிரைத்திறன். முன்சக்கரம் தூக்காமல் இருக்க இரண்டு பக்கமும் இறக்கை வைத்தார்கள்.

மூன்றாவது, இன்ஜின் டியூனிங். 2014-இல் பிஎம்டபிள்யூ, 193 குதிரைத்திறன் கொண்ட எஸ்1000ஆர்ஆர் ஸ்போர்ட்ஸ் பைக்கின் இன்ஜினை, ஃபேரிங் இல்லாத எஸ்1000ஆர் வண்டிக்காக 160-க்குக் குறைத்தது. உச்சியில் விட்டுக்கொடுத்து, ரோட்டில் நாம் உண்மையில் ஓட்டும் நடு ஆர்பிஎம்-இல் இழுவையைக் கூட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. ஆனால் இது கட்டாயம் இல்லை, டுகாட்டி அந்த அளவுக்குக் குறைக்கவில்லை.

ஓசூர்_சிவா:
அப்படியானால் டியூக்கும் என்எஸ்ஸும்? எங்கள் ஊர் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310?

கோவை_கேரேஜ்:
என்எஸ்200 வந்தது 2012-இல், ஃபேரிங் போட்ட ஆர்எஸ்200 வந்தது 2015-இல். டியூக் 390 வந்து ஒரு வருடம் கழித்துத்தான் ஃபேரிங் போட்ட ஆர்சி 390. இவை பிறக்கும்போதே நேக்கட், சட்டை பிறகுதான் போட்டார்கள். டியூக்கின் வம்சமே வேறு. 1994-இல் வந்த முதல் டியூக் ஒரு சூப்பர்மோட்டோ, அதாவது ரோட்டு டயர் போட்ட டர்ட் பைக் வகை. நல்ல வண்டிகள், ஆனால் நான் ஸ்ட்ரீட்ஃபைட்டர் என்று சொல்ல மாட்டேன். எம்டி-15 ஆர்15-இன் ஃபிரேமிலும் 155 சிசி இன்ஜினிலும் நிற்கிறது. அப்பாச்சி ஆர்டிஆர் 310-க்கு முன்னால் ஃபேரிங் போட்ட ஆர்ஆர் 310 இருந்தது. எம்டி-15, ஆர்டிஆர் 310 இரண்டையும் ஸ்ட்ரீட்ஃபைட்டரில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சேலம்_ரைடர்:
அண்ணா, அப்போ என் ஆர்15-ஐ மாற்றலாமா?

கோவை_கேரேஜ்:
மாற்றினால் அது அசல் வழியில் வந்த ஸ்ட்ரீட்ஃபைட்டர்தான் தம்பி. ஆனால் வெறும் ஹேண்டில்பார் வேலை என்று நினைக்காதீர்கள். ஆர்15-இல் ஹெட்லைட்டும் மீட்டரும் ஃபிரேமில் இருந்து வரும் தாங்குக் கம்பியில் நிற்கின்றன, ஹேண்டிலோடு திரும்பாது. புது லைட்டை ஃபோர்க்கில் மாட்டினால் வயரிங்கும் திரும்புவதற்கு இடம் கொடுக்க வேண்டும். ஃபேரிங் மறைத்திருந்த வயர் கப்ளர், கூலன்ட் டப்பா எல்லாம் வெளியே தெரியும், மழைத் தண்ணீர் படாமல் இடம் மாற்ற வேண்டும். மேல் யோக்கை (ஃபோர்க் குழாய்களை மேலே பிடிக்கும் தட்டு) மாற்றி ஹேண்டிலை உயர்த்தியதும் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், முன் பிரேக் ஹோஸ் மூன்றுக்கும் நீளம் பற்றாது.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். ஹேண்டிலை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். திருப்பும்போது தானாக ரேஸ் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம், அப்படியே ரோட்டில் இறக்கக் கூடாது. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டேங்கில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றினால் போலீஸிலும் கேட்பார்கள், இன்சூரன்ஸிலும் கேட்பார்கள்.

என்னைக் கேட்டால், இன்சூரன்ஸ் பாலிசியில் ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பு) இருந்தால் அந்த ஃபேரிங்குக்கு முதலில் கிளெய்ம் போடுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருடைய எம்டி-15-ஐயாவது வாங்கி ஏற்காடு வளைவுகளில் ஓட்டிப் பாருங்கள். அந்த ஹேண்டில்பார் பிடித்துப்போனால், வண்டியை மாற்றிக்கொள்வது கேரேஜ் செலவைவிட லாபம்.