புதுப்பிப்பு: தங்கையின் புரோலாக்டின், இரண்டாவது ரிசல்ட்

மாதவிடாய் தள்ளிப்போன தங்கைக்கு ரத்தத்தில் புரோலாக்டின் (மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும், தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) 68 என்று வந்திருக்கிறதே, உடனே மூளை ஸ்கேன் எடுக்கணுமா என்று கேட்டிருந்தேன். பதறாதே என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி. டாக்டரம்மா முதலில் கேட்டதே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்றுதான். நெஞ்செரிச்சலுக்கு தினமும் காலையில் போடும் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பான்டோபிரசோலோடு டோம்பெரிடோனும் இருக்கிறது, அது புரோலாக்டினை நன்றாகவே ஏற்றிவிடுமாம். அவர் சொன்னபடி அதை நிறுத்தி சில நாள் விட்டு, தூங்கி எழுந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு, லேபில் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்கள்.

இப்போது 17! கர்ப்பமில்லாத பெண்களுக்கு 25க்குள் இருந்தால் சரி என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கிறது. ஸ்கேன் வேண்டாம் என்றுவிட்டார். தைராய்டு குறைந்தாலும் இது ஏறும் என்பதால் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு டெஸ்ட்டுக்கும் ரத்தம் கொடுத்திருக்கிறோம், அது நாளைக்கு வரும்.