ஜூரியில் உட்கார்ந்தவர்கள், பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொன்னவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம், இப்போது கலிஃபோர்னியா:

இங்கே குடியுரிமை வாங்கிய பிறகு ஜூரி அழைப்பு வந்தது. ஜூரி என்றால் வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லக் கூப்பிடப்படும் சாதாரண மக்கள். எப்படித் தப்பிக்கலாம் என்றுதான் இங்கே நிறையப் பேர் யோசிப்பார்கள், எனக்குப் போக ஆசையாக இருந்தது. ராத்திரியில் கார் கண்ணாடியை உடைத்துத் திருடியதாக ஒரு பையன் மேல் வழக்கு, நேரில் பார்த்ததாகச் சொன்னது ஒரே சாட்சி. விசாரணை முடியும்வரை ஜூரிக்குள்ளேகூட வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது, வீட்டில் சொல்லக் கூடாது, இணையத்தில் தேடக் கூடாது, அந்தத் தெருவைப் போய்ப் பார்க்கவும் கூடாது. எல்லாம் முடிந்து பன்னிரண்டு பேரையும் ஓர் அறையில் விட்டார்கள். ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா ஒருவரைத் தலைவராக வைத்துக்கொண்டோம். உட்கார்ந்ததும் ஒருவர், "யார் யார் குற்றவாளின்னு நினைக்கிறீங்க, கை தூக்குங்க, முடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்ற மாதிரி ஆரம்பித்தார். அந்த அம்மா இப்போது வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

அதுதான் சரி என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். எல்லார் முன்னாலும் ஒருமுறை கை தூக்கிவிட்டால் அப்புறம் இறக்குவது மானப் பிரச்சினை ஆகிவிடும், சாட்சியத்தை விட்டுவிட்டுச் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் வாய் போகும். பதிலாக அந்த அம்மா, குற்றம் நிரூபணமாக என்னென்ன வேண்டும் என்று நீதிபதி எழுதிக் கொடுத்ததை ஒவ்வொன்றாகப் படித்து, இதற்கு என்ன சாட்சியம் இருக்கிறது என்று மேசையைச் சுற்றி எல்லாரையும் கேட்டார். அதுவரை பேசாமலே இருந்த ஒரு தச்சு வேலைக்காரர், "தெருவிளக்கு அவனுக்கு முன்னாலா, பின்னாலா, சாட்சி என்ன சொன்னார்?" என்று கேட்டார். ஆளுக்கொன்று சொன்னோம். நீதிபதிக்குச் சீட்டு எழுதி அனுப்பினோம், சாட்சி சொன்னதை, கோர்ட்டில் பேசுவதையெல்லாம் பதிவு செய்யும் நீதிமன்றப் பதிவாளர் அப்படியே வாசித்துக் காட்டினார். விளக்கு பின்னால். அப்படியென்றால் முகம் இருட்டில்.

பதினோரு பேர் ஒரு பக்கம் வந்த பிறகும் ஒரு பெண்மணி குற்றவாளிதான் என்றார். அவரை யாரும் நெருக்கவில்லை. மற்றவர் சொல்வது நியாயமாகப் பட்டால் கருத்தை மாற்றிக்கொள்ளலாம், கூட்டம் அந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்காக மாற்றக் கூடாது என்று நீதிபதி முன்பே சொல்லியிருந்தார். ஒத்து வராவிட்டால் வரவில்லை என்று நீதிபதியிடம் சொல்லிவிட வேண்டியதுதான், அதில் அவமானம் எதுவும் இல்லை. அந்தப் பெண்மணி போலீஸ்காரர் சாட்சியத்தையும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம் தானாகவே சந்தேகம் இருக்கிறது என்றார். லூயிசியானாவில் முன்பெல்லாம் பத்துப் பேர் சொன்னாலே தண்டித்துவிடலாம், 2020-ல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெரிய குற்றங்களுக்கு எல்லா மாநிலத்திலும் ஒருமனதான தீர்ப்பு வேண்டும் என்றது. அந்தப் பெண்மணியையும் தச்சரையும் பார்த்த பிறகு அது ஏன் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. பையனைக் குற்றவாளி இல்லை என்று சொன்னோம். செய்தானா என்று இப்போதும் என் தங்கச்சி கேட்கிறாள். செய்திருப்பான் போலிருக்கிறது என்பது தண்டிக்கப் போதாது, அவ்வளவுதான்.

பென்னாகரம் பக்கம்:

தம்பி, எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஊர்க்கவுண்டர் முதலில் வாய் திறந்தால் கதை முடிந்தது, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பொதுக் கிணற்றுத் தண்ணீர் முறையில் ஒரு விதவைக்கு அநியாயம் நடக்கப் போனது, அவர் பக்கம் பேச இரண்டு பேருக்கு விஷயம் தெரிந்தும் துணிச்சல் வரவில்லை. அப்போது இருந்த கவுண்டர் நல்ல மனிதர், அவரே, வயதில் சின்னவன் முதலில் பேசட்டும், நான் கடைசியில் பேசுகிறேன் என்றார். அந்த அம்மாவுக்கு முறை கிடைத்தது. குற்ற வழக்கெல்லாம் பஞ்சாயத்து தொடக் கூடாது, அது கோர்ட்டு வேலை, ஆனால் இந்த ஒரு வழக்கம் எங்கேயும் ஆகும்.

தர்மபுரி, வக்கீல் குமாஸ்தா:

நம் நாட்டிலும் ஜூரி இருந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் 1945-ல் சென்னையில் குற்றவாளி என்றது ஜூரிதான், அப்போது கடைசி மேல்முறையீட்டுக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போய் 1947-ல் விடுதலை ஆனார்கள். பம்பாயில், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில் 8-க்கு 1 என்று குற்றவாளி இல்லை என்றார்கள், நீதிபதி ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே தண்டித்தார்கள், 1961-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அதற்கு முன்பே, 1958-ல், சட்ட ஆணையம் ஜூரி வேண்டாம் என்று சொல்லியாயிற்று. 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரியே இல்லாமல் போயிற்று.

அதனால் இங்கே பன்னிரண்டு பேர் சுமையும் ஒரு நீதிபதி தலையில். 1992-ல் வாச்சாத்தி மலைவாழ் மக்கள் மேல் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் நடத்திய கொடுமைக்கு 2011 செப்டம்பர் 29-ல் எங்கள் தர்மபுரி கோர்ட்டில்தான் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போய்விட்டார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி 2023-ல் வாச்சாத்திக்கே நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் அதை உறுதி செய்தார். அந்த மக்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்க இவ்வளவு வருஷம் ஆனதே என்று இன்னும் வயிறு எரிகிறது. தம்பி, உங்கள் ஜூரியில் குறிப்பு எழுதிக்கொள்ள விடுவார்களா?

காவேரிப்பட்டணம்:

விடுவார்கள் அண்ணா, நோட்டு அவர்களே கொடுப்பார்கள், வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. நம் குறிப்பில் ஒன்று இருந்து பதிவாளர் வாசிப்பது வேறாக இருந்தால் பதிவாளர் வாசிப்பதுதான் கணக்கு. நேரில் போய்ப் பார்ப்பதும் அப்படித்தான், நீதிபதி ஏற்பாடு செய்து எல்லாரையும் கூட்டிப்போனால் போகலாம், தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அறையில் சொல்லக் கூடாது, ஏனென்றால் அதை அந்தப் பையனின் வக்கீல் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே.