கடலைக்காட்டில் காட்டுப்பன்றி: உங்கள் பக்கம் என்ன நடக்கிறது?

கடலை விவசாயி, ஈரோடு மாவட்டம் (தொடங்கியவர்)

ஆடிப்பெருக்கு கழித்து விதைத்த கடலை. ஐப்பசி பாதியில் காய் முற்றத் தொடங்கியிருந்தது, இன்னும் மூன்று வாரம் விட்டால் பிடுங்கலாம். ஒரு நாள் விடிகாலையில் தண்ணீர் கட்டப் போன என் மனைவி வாய்க்கால் மேட்டிலேயே நின்றுவிட்டாள். கூப்பிட்டேன், பதில் இல்லை. போய்ப் பார்த்தால் ஓடை ஓரமாக முக்கால் ஏக்கர் உழுது போட்டதுபோலக் கிடக்கிறது. பன்றி செடியைத் தின்னாது. மூக்கால் மண்ணைக் கிண்டிச் செடியைப் புரட்டிப் போட்டு, காயை மட்டும் மென்று தோலைத் துப்பிவிட்டுப் போகும். வரப்பெல்லாம் தோல், எச்சில்கூடக் காயவில்லை.

பழைய சேலைகளைச் சுற்றிலும் கட்டினோம். சலூனில் முடி வாங்கி வந்து தூவினோம். நாலு நாள் தாங்கியது. அப்புறம் சேலைக்கு அடியிலேயே புகுந்து வந்தன. நான் ஒரு இரவு, தம்பி ஒரு இரவு என்று பரண் போட்டுக் காவல் இருந்தோம். நாங்கள் டின் தட்டினால் பக்கத்துக் காட்டுக்குப் போகும், அங்கே தட்டினால் இங்கே திரும்பி வரும்.

2025 ஜனவரியில் அரசு கொண்டுவந்த ஏற்பாடு எல்லோருக்கும் தெரிந்திருக்கும். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடலாம். எங்கள் தோட்டம் சாலை வழியாகப் போனால் நாலரை கிலோமீட்டர், நேர்க்கோட்டில் 2.8. ஆகவே கூண்டுதான். மனு கொடுத்தோம், இடத்தை வந்து பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள். கூண்டு வருவதற்குள் கடலையைப் பிடுங்கிவிட்டோம். ஒரு மூட்டைகூடத் தேறாத பாத்திகள் இருந்தன.

கடலை 105 நாள் பயிர். பன்றி வருவது கடைசி 25 நாளில். அந்த 25 நாளுக்குள் முடிவு வராத எந்த அனுமதியும் விவசாயிக்கு உதவாது. எனக்கு ஆதங்கமெல்லாம் இந்த ஒன்றுதான். ‘பேசாமல் கரண்ட் கம்பி இழுத்துவிடு’ என்று நாலு பேராவது சொன்னார்கள். தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளியில் 2023 மார்ச்சில் பன்றிக்கென்று போட்ட கம்பியில் மூன்று யானைகள் செத்ததும், குட்டிகள் இரண்டு அந்த உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்ததும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நான் இழுக்க மாட்டேன்.

உங்கள் பக்கம் நடந்ததை எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம், பார்த்தது போதும்.

மக்காச்சோள விவசாயி, கோவில்பட்டிப் பக்கம்

அண்ணா, எங்கள் ஊரில் மேடேறி நின்று பார்த்தாலும் காடு தெரியாது. கரிசல் மானாவாரி. ஆனாலும் பன்றி இருக்கிறது. கண்மாயும் ஓடையும் சீமைக்கருவேலமாகக் கிடக்கின்றன, அதற்குள்ளேயே குட்டி போட்டு அங்கேயே வளர்ந்த பன்றிகள் இவை. மலையையே பார்த்திருக்காது. இவற்றைப் பிடித்துக் ‘காட்டில் கொண்டுபோய்’ விடுவது என்றால் எந்தக் காட்டில்?

நாங்கள் 3 கிலோமீட்டருக்கு வெளியே என்பதில் சந்தேகமே கிடையாது, எங்கள் பக்கம் வனத்துறை ஆட்கள் சுட அனுமதி உண்டு. உத்தரவு வந்த ஜனவரியிலேயே ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமும் முடிந்துபோனது. யாரிடம் முதலில் போவது என்று தெரியாமல் விஏஓ, வனவர், குறைதீர் கூட்டம் என்று மூன்று இடத்திலும் மனு கொடுத்தோம். ஆட்கள் வந்தது ஒரே ஒரு இரவு. அன்றைக்குப் பார்த்துப் பன்றி வரவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆள் உயரத்துக்குச் சோளம் நிற்கிறது, உள்ளே எது அசைகிறது என்று யாருக்குத் தெரியும்? அடுத்த புஞ்சையில் காவலுக்கு ஒருவர் படுத்திருப்பார். இருட்டில் எப்படிச் சுடுவது?

நான் பார்த்தவரை சுடுவதைவிடக் கருவேலத்தை வெட்டியதுதான் கைகொடுத்தது. எங்கள் கண்மாயின் ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்த வருடம், அந்தக் கரையை ஒட்டிய புஞ்சைகள் தப்பின. மறுபக்கத்தில் அடி குறையவில்லை. பகலில் பன்றிக்கு ஒதுங்க இடம் வேண்டும். அது இல்லாத இடத்தில் தங்காது.

மாடு வளர்ப்பவர், கோவை மாவட்டம்

பயிர் போனதைப் பற்றி நிறையப் பேர் எழுதுவீர்கள். நான் அவுட்டுக்காயைப் பற்றி, அதாவது பன்றிக்கு வைக்கும் வெடி உருண்டையைப் பற்றி எழுதுகிறேன்.

என் மாடு ஏழு மாதச் சினை. மேய்ச்சலுக்கு விட்டிருந்தேன். பள்ளத்துப் பக்கம் ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்டது. பட்டாசு என்று நினைத்துவிட்டேன். மாடு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தானாகவே வீட்டுக்கு நடந்து வந்தது. கீழ்த்தாடை இரண்டாகப் பிளந்து தொங்குகிறது. வந்ததும் தொட்டிக்குப் போய்த் தண்ணீரில் வாயை வைத்தது. உறிஞ்ச முடியவில்லை. வைப்பதும் எடுப்பதுமாகவே இருந்தது, தொட்டித் தண்ணீர் முழுக்கச் சிவந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார்.

யாரோ பன்றிக்கு வைத்தது. உருண்டைக்குள் வெடிமருந்தை வைத்துத் தீனி வாசம் சேர்த்துப் போடுவார்கள். கடிப்பது பன்றியா மாடா நாயா என்று அதற்குத் தெரியாது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வாய் வெந்து ஆற்றுக்குள் நின்றபடியே செத்ததே ஒரு சினை யானை, அதுவும் பன்றிக்கு வைத்த வெடிதான். நாடே பேசியது. எங்கள் பக்கமும் வாய் புண்ணாகித் தின்ன முடியாமல் செத்த யானைகள் உண்டு.

வைப்பவர்களில் கறிக்கு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், பயிர் போன வயிற்றெரிச்சலில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கறிக்கு வைப்பவனை ஜெயிலில் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. மற்றவருக்கு நேர் வழியில் ஒரு பதில் சீக்கிரம் கிடைத்திருந்தால் அந்தக் கை உருண்டையைத் தொட்டிருக்காது. தொடங்கியவர் சொன்ன 25 நாள் கணக்கு என் மாட்டுக்கும் பொருந்தும்.

சித்தூர்க்காரன், பாலக்காடு மாவட்டம்

எங்கள் பக்கம் கேரளச் சட்டம். 2022-லிருந்து ஊராட்சித் தலைவரே உத்தரவு போடலாம், பட்டியலில் இருக்கும் துப்பாக்கி உரிமம் உள்ளவர்கள் வந்து சுடுவார்கள். அங்கே எல்லாம் சுலபம் என்று தமிழ்நாட்டில் நினைக்கிறார்கள். ஓரளவு சரிதான். நான் போன் செய்த மூன்றாம் நாள் வந்தார்கள். இரண்டு பேர், கூடவே நாலு நாய். மரவள்ளிக் காட்டிலிருந்து விரட்டி வந்ததை வரப்பில் வைத்துச் சுட்டார்கள். ஒரே குண்டு. பெரிய ஆண் பன்றி, கோரைப் பல் என் விரல் நீளம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் பிடரி மயிரில் சேறு அப்பியிருந்தது, நெற்றியில் எங்கள் மரவள்ளியின் தோல் ஒட்டியிருந்தது. என்னவோ போல் ஆகிவிட்டது எனக்கு. வேண்டாத விருந்தாளிதான், இருந்தாலும் ஒரு உயிர்.

அப்புறம் குழி. கறியாக்கக் கூடாது, புதைக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றி மூடினோம். ‘இவ்வளவு கறியை மண்ணில் கொட்டுவதா’ என்று வேலைக்கு வந்த அம்மா ஒருத்தர் திட்டிக்கொண்டே மண் தள்ளினார். கேரளத்தில் இந்த வாதம் பெரிதாகவே ஓடுகிறது. தின்ன விட்டால் விவசாயிக்கு நஷ்டம் கொஞ்சம் ஈடாகும் என்கிறார்கள் ஒரு பக்கம். கறிக்கு விலை வந்துவிட்டால் பயிருக்குப் போகாத பன்றியையும் அடிப்பார்கள் என்கிறார்கள் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சி. விலை வந்த எதையும் காட்டில் மிச்சம் வைத்ததை நான் பார்த்ததில்லை.

எங்களுக்குப் பஞ்சம் ஆளுக்குத்தான். துப்பாக்கிக்காரர்கள் வயதானவர்கள், நாலைந்து ஊராட்சிக்கு அவர்கள்தான். ஒன்றைச் சுட்டால் இரண்டு மாதம் நிம்மதி. அதற்குள் வேறு கூட்டம் வந்துவிடும். சட்டம் இவ்வளவு இறங்கி வந்த பிறகும் திருட்டுக் கம்பி போடுகிறவர்கள் போடத்தான் செய்கிறார்கள். 2025 ஜூனில் நிலம்பூர்ப் பக்கம் மீன் பிடிக்கப் போன 15 வயதுப் பையன் பன்றிக்கு வைத்த கம்பியில் போய்விட்டான். அந்த வாரம் என் பையனை ஓடைப் பக்கமே விடவில்லை.

முன்னாள் வேட்டைத் தடுப்புக் காவலர்

எல்லோருடைய வலியும் புரிகிறது. ஆனால் அந்த 1 கிலோமீட்டர் கோட்டைப் பற்றி ஒருவரும் நல்ல வார்த்தை சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

காட்டோரத்தில் இரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் நாங்கள் ஓடுவோம். அது வேட்டை, வேறாக இருக்க வழியில்லை. அங்கேயும் பன்றி சுட அனுமதி என்று ஆகிவிட்டால் எந்தச் சத்தத்துக்கு ஓடுவது? ‘பன்றிக்குத்தான் சார் போனோம்’ என்பார்கள். ஒரு முறை நாங்கள் பிடித்த சாக்கில் மேலே பன்றிக்கறி, அடியில் புள்ளிமான் தொடை. நானே கைவிட்டு எடுத்தது.

இன்னொன்று. பன்றி காட்டுக்கு வேண்டும். புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் அது தீனி. 2023 தொடக்கத்தில் முதுமலையில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து பன்றிகள் செத்தபோது எங்களுக்கெல்லாம் வயிற்றில் புளி கரைத்தது. தீனி குறைந்தால் சிறுத்தை ஊருக்குள் ஆட்டுப் பட்டியைத் தேடி வரும். காட்டுக்குள் இருக்கும் பன்றியும் கருவேலத்தில் பிறந்த பன்றியும் சட்டத்துக்கு ஒன்றுதான், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணை. ஆனால் நிர்வாகத்தில் வேறாகத்தான் பார்க்க வேண்டும், அந்தக் கிலோமீட்டர் கணக்கு அதற்காகப் போட்டதுதான்.

ஒட்டுமொத்தமாகத் ‘தீங்கு விளைவிக்கும் விலங்கு’ என்று அறிவித்துவிடச் சொல்கிறவர்களும் உண்டு. அதை மத்திய அரசுதான் செய்ய முடியும். கேரளம் திரும்பத் திரும்பக் கேட்டும் கிடைக்கவில்லை. பீகாரில் நீலப்பசுவுக்கும் (நீல்காய் என்கிற பெரிய மான்) பன்றிக்கும் அப்படி அறிவித்து, 2016-ல் மோகாமாவில் நீலப்பசுக்களைச் சுட்டுத் தள்ளியபோது மத்திய அமைச்சர்கள் இருவர், மேனகா காந்தியும் பிரகாஷ் ஜவடேகரும், பகிரங்கமாக மோதிக்கொண்டார்கள். அறிவிப்பு வந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் கொல்லலாம் என்றாகிவிடும். மாட்டுக்காரத் தம்பி எழுதியதைப் படித்த பிறகும் அதைக் கேட்பீர்களா? கணக்கோடு, ஆளோடு, அந்த இடத்துக்கு மட்டும் என்று இருப்பதுதான் நல்லது. சீக்கிரம் நடக்க வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் காலத்தில் ஒரு கூண்டு மூன்று ரேஞ்சுக்குச் சுற்றியது.

குச்சிக்கிழங்கு விவசாயி, சேலம் மாவட்டம்

சோலார் வேலி போட்டேன், முறையாகப் பதிவு செய்து. 2023 மின்வேலி விதிகள் வந்த பிறகு பதிவு இல்லாமல் போடக்கூடாது. கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும், புல் தொட்டால் வேகம் இறங்கிவிடும். வாரம் ஒரு முறை அடியில் செதுக்க ஆள் வேண்டும். செதுக்கியவரை பன்றி வரவில்லை. மழையில் இரண்டு வாரம் விட்டேன், வந்துவிட்டது. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

கடலை விவசாயி, ஈரோடு மாவட்டம் (தொடங்கியவர்)

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். மாட்டுக்கார அண்ணன் எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். கம்பி இழுக்கச் சொன்னவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

காவலர் ஐயா சொன்ன கோடு எனக்கு இப்போது புரிகிறது. கோட்டை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. எங்கள் ஓடையைச் சுற்றி 11 தோட்டங்கள். இந்த முறை பன்றி வந்த பிறகு மனு கொடுக்கப் போவதில்லை. விதைக்கிறபோதே, சர்வே எண், விதைத்த தேதி, பிடுங்கும் தேதி எல்லாம் எழுதி 11 பேரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கிறோம். ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை ஒரு கூண்டு இங்கே நிற்க வேண்டும்’ என்று கேட்கப்போகிறோம். கூண்டு இல்லை என்றால் இல்லை என்று எழுத்தில் தரட்டும், குறைதீர் கூட்டத்தில் அந்தத் தாளோடு பேசுவேன். கோவில்பட்டித் தம்பி சொன்னபடி ஓடைக்குள் இருக்கும் கருவேலத்தை வெட்டவும் அதே மனுவில் அனுமதி கேட்கிறோம். புறம்போக்கு என்பதால் நாமாக வெட்ட முடியாது.

ஓடை ஓரத்து முக்கால் ஏக்கருக்கு மட்டும் இந்த ஆடியில் எள் விதைக்கிறோம், எள்ளைப் பன்றி தொடாது என்கிறாள் என் மனைவி. மீதிக்குக் கடலைதான். விதைக்கடலை மூட்டையை நாளைக்குப் பிரித்து உரிக்க ஆள் சொல்லியிருக்கிறோம்.