புகாரா உணவகத்துக்கு அண்மையில் சென்றவர்களிடம் ஓர் உதவி

வணக்கம். பெற்றோரின் 40ஆவது திருமண நாளன்று, புதுதில்லி ஐடிசி மௌர்யா ஓட்டலில் உள்ள புகாரா உணவகத்துக்கு அவர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். இரவு முழுவதும் தணலில் வேகும் அந்தக் கறுப்பு உளுந்துப் பருப்பைப் பற்றி அப்பா பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார். கழுத்தில் கட்டம் போட்ட துணியைக் கட்டிக்கொண்டு, கரண்டியில்லாமல் கையால் சாப்பிடுவதும் அவருக்குப் பிடித்துப்போகும்.

ஆனால் அங்கே இருக்கைகள் தாழ்வானவை என்பதால், சென்ற ஆண்டு முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவருக்கு, முதுகு சாய்க்கும் உயரமான நாற்காலி கேட்டால் தருவார்களா என்று தெரிவியுங்கள். அம்மா சைவம், பனீரைத் தொடமாட்டார். தந்தூரி காலிஃபிளவர், உருளைக்கிழங்கு தவிர அவர் வயிறார உண்ண வேறென்ன சொல்லலாம்? இரவு உணவுக்கு முன்பதிவு உண்டா, காத்திருக்கத்தான் வேண்டுமா? இருவரையும் நெடுநேரம் நிற்கவைக்க எனக்கு மனமில்லை.