இடைத்தேர்தல் வேலை: எங்கெங்கே சறுக்கும்?

இழையைத் தொடங்கியவர்:
எம்.எல்.ஏ. மறைந்த மறுநாளே டீக்கடையில் கிளம்பும் கேள்வி, "ஆறு மாசத்துல எலெக்‌ஷன் வந்துடும்ல?" வந்தாலும் வரும், வராமலும் போகும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 151ஏ பிரிவின்படி இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதம் கெடு. மிச்சப் பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை. 2020 ஜூனில் காலியான சேப்பாக்கத்துக்கு இடைத்தேர்தல் வராதது இதனால்தான். அதே வருடம் பிப்ரவரியில் காலியான திருவொற்றியூருக்கும் குடியாத்தத்துக்கும் ஓராண்டுக்கு மேல் மிச்சம் இருந்தது, அங்கே கொரோனா குறுக்கே வந்தது. பலர் மறப்பது வழக்கை. தோற்றவர் "நான்தான் ஜெயித்தேன் என்று அறிவியுங்கள்" என்று தேர்தல் மனு போட்டு, அது நிலுவையில் இருந்தால் ஆணையம் தேதி குறிக்கத் தயங்கும். 2018 ஆகஸ்டில் காலியான திருப்பரங்குன்றத்துக்கு 2019 மே 19 வரை இழுத்தது அப்படித்தான். இனி வேட்புமனு, பூத், பணம், ஓட்டு எண்ணிக்கை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மனுத்தாக்கல் பக்கம் இருப்பவர்:
முதலில் காலண்டரைப் பாருங்க. ஈரோடு கிழக்கு 2025: அறிவிக்கை ஜனவரி 10, கடைசி நாள் 17. கேட்க ஒரு வாரம். ஆனால் 11 இரண்டாம் சனி, 12 ஞாயிறு, 14 முதல் 16 வரை பொங்கல் விடுமுறை. மனு வாங்கியது 10, 13, 17 என்று மூன்றே நாள், அதுவும் காலை 11 முதல் மாலை 3 வரைதான். தேர்தல் செலவுக்கான தனி வங்கிக் கணக்கை மனுவுக்கு ஒரு நாளாவது முன்பே திறந்திருக்க வேண்டும். 16ஆம் தேதி ஞாபகம் வந்தால் வங்கி பூட்டிக் கிடக்கும்.

அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்கும் அங்கீகாரமில்லாத கட்சிக்கும் பத்துப் பேர், பத்துப் பேருமே அந்தத் தொகுதியின் வாக்காளர்கள். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகரில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது இந்த இடத்தில்தான்: பத்தில் இரண்டு பேர் "அது எங்க கையெழுத்தே இல்லை" என்றார்கள். பதினொன்றாவது ஆளை உபரியாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நான்கு மனு வரை கொடுக்கலாம் என்று சட்டமே இடம் தருகிறது. இரண்டாவது மனுவில் வேறு பத்துப் பேரை வைத்து விடுங்கள், ஒன்று விழுந்தாலும் இன்னொன்று நிற்கும். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கும் ஏ, பி படிவங்கள் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். டெபாசிட் பத்தாயிரம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஐயாயிரம்.

வேட்பாளர் தொகுதிக்காரராக இருக்க வேண்டாம், ஆனால் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தே ஆக வேண்டும். அதே 2025 ஈரோட்டில் கர்நாடக வாக்காளர் ஒருவரின் மனு பரிசீலனையில் தப்பிவிட்டது. பட்டியல் வந்த பிறகு பிரச்சினை வெடித்து, 47 பேர் 46 ஆனார்கள்.

பூத் டியூட்டி பயிற்சி கொடுப்பவர்:
அண்ணன் சொன்ன அந்த எண்ணிக்கைதான் எங்கள் தலைவலியே. வாக்காளர் பட்டன் அழுத்தும் பெட்டிதான் பேலட் யூனிட், ஒன்றில் 16 பட்டன். வேட்பாளர் எண்ணிக்கையோடு நோட்டாவுக்கு ஒன்று கூட்டி 16ஆல் வகுங்கள். விக்கிரவாண்டி 2024: 29 பேர், 2 யூனிட். ஆர்.கே.நகர் டிசம்பர் 2017: 59 பேர், 4 யூனிட். ஈரோடு கிழக்கு 2023: 77 பேர், 5 யூனிட், 78 பட்டன் போக மிஞ்சும் இரண்டை மூடிவிட வேண்டும்.

இணைப்பில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். இரண்டாவது யூனிட்டின் வயர் முதல் யூனிட்டில், மூன்றாவதின் வயர் இரண்டாவதில், இப்படியே சங்கிலி. முதல் யூனிட் மட்டும், போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபேட்டுக்குப் போகும், விவிபேட்டிலிருந்து ஓட்டுகளைப் பதிந்து வைக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்கு. ஒவ்வொரு யூனிட்டிலும் அதன் வரிசை எண்ணை வைக்கும் சிறு சக்கரம் உண்டு. மூன்றாவதில் 2 என்று இருந்தால் கன்ட்ரோல் யூனிட் கோளாறு காட்டும், ஆட்கள் மெஷின் ரிப்பேர் என்று போன் போடுவார்கள். சக்கரத்தைத் திருப்பினால் சரி. வயரை மாற்றும்போது கன்ட்ரோல் யூனிட் ஆஃபில் இருக்க வேண்டும், இதைப் பயிற்சியில் பத்து முறை சொன்னாலும் காலை ஐந்தரைக்கு மறந்துவிடுகிறார்கள்.

மாதிரி வாக்குப்பதிவுக்குக் குறைந்தது 50 ஓட்டு. 77 பேர் நிற்கும் இடத்தில் அது போதாது. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒன்று போட்டாலே 78. ஒவ்வொன்றுக்கும் விவிபேட் சீட்டு 7 விநாடி கண்ணாடியில் நிற்கும், அப்புறம் சீட்டை எண்ணி ஒப்பிட வேண்டும். ஐந்தரைக்குத் தொடங்காவிட்டால் ஏழு மணிக்கு வரிசை கதவை இடிக்கும். அந்த அவசரத்தில் விடுபடுவது, மாதிரி ஓட்டுகளை மெஷினிலிருந்து அழிக்கும் 'கிளியர்' பட்டன். க்ளோஸ், ரிசல்ட், கிளியர், இந்த மூன்றும் முடிந்து, பெட்டியிலிருந்து சீட்டுகளை எடுத்துக் கருப்பு உறையில் வைத்து முத்திரையிட்ட பிறகே முதல் வாக்காளரை உள்ளே விடுங்கள்.

ஈரோட்டு ஜவுளி வியாபாரிகளோடு பழகுபவர்:
வியாபாரிக்கு ஓட்டைவிட ஐம்பதாயிரம்தான் பெரிய விஷயம். அதற்கு மேல் ரொக்கம் கையில் இருந்து, ஆதாரம் இல்லையென்றால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். சந்தைக்கு வரும் வெளியூர்க்காரர் இரவில் மூட்டையும் பணமுமாக வருவார். தொகுதியில் தேர்தல் என்பதே அவருக்குத் தெரியாது. வங்கியில் எடுத்த சீட்டு, பாஸ்புக் நகல், போன முறை விற்ற பில், இந்த மூன்றையும் பணம் இருக்கும் பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதற்குள் பணத்தை எண்ணி முடித்திருப்பார்கள். பிடித்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். கலெக்டர் அலுவலகத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு உண்டு, அங்கே ஆவணம் காட்டினால் திரும்பக் கிடைக்கும். பத்து லட்சத்துக்கு மேல் என்றால் வருமான வரித்துறைக்கும் தகவல் போகும்.

பூத் ஏஜென்ட்:
வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க மனுத்தாக்கலின் கடைசி நாளோடு கதவு மூடும். விண்ணப்பத்தை அதற்குப் பத்து நாள் முன்பே கொடுத்தால்தான் விசாரணைக்கு நேரம் இருக்கும். பூத் சிலிப் மட்டும் காட்டினால் ஓட்டுப் போட விடமாட்டார்கள், அடையாள அட்டை வேண்டும்.

எண்ணிக்கை, செலவுக் கணக்கு பார்ப்பவர்:
14 மேஜை என்றால் சாவடி எண்ணிக்கையை 14ஆல் வகுத்தால் எத்தனை சுற்று என்று தெரியும். ஈரோடு கிழக்கு 2025இல் 237 சாவடி, 17 சுற்று. 'கிளியர்' மறந்த சாவடி இங்கேதான் பல்லிளிக்கும்: பதிவான ஓட்டு எண்ணிக்கையைச் சாவடியில் எழுதித் தரும் 17சி படிவத்தில் இருப்பதைவிட மெஷினில் ஓட்டு கூடுதலாக இருக்கும். அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். கடைசியில் வித்தியாசம் அந்தச் சாவடி ஓட்டைவிடப் பெரிதாக இருந்தால் பிரச்சினை இல்லை. அந்தத் தேர்தலின் 91,558 வித்தியாசத்தில் யாரும் கவலைப்படப் போவதில்லை; நூறு, இருநூறு என்றால்தான் அடிதடி. ஏஜென்ட் கையில் 17சி நகல் இல்லாவிட்டால் வாதாடவே முடியாது, சாவடியில் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள்.

டெபாசிட் மீள செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும், இந்தக் கணக்கில் நோட்டா சேராது. செலவு வரம்பு 40 லட்சம். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஈரோடு கிழக்கு 2025இன் பிப்ரவரி 8 முடிவுக்கு மார்ச் 10. தோற்றவர்கள்தான் இதை விட்டுவிடுகிறார்கள். தகுந்த காரணமில்லாமல் விட்டால் மூன்று வருடம் நிற்க முடியாது. டீ பில்லையும் மைக் செட் பில்லையும் அன்றன்றைக்கே பதிவேட்டில் ஏற்றுங்கள்.