புதுப்பிப்பு: சரிபார்ப்புச் செயலியிலிருந்து ஒருவழியாக வெளியேறினேன்

கடவுச்சொல்லோடு சேர்த்துத் தளங்கள் கேட்கும் ஆறு இலக்க எண்ணை 30 வினாடிக்கு ஒருமுறை மாற்றிக் காட்டும் இருபடிச் சரிபார்ப்புச் செயலியில் இருந்த 14 கணக்குகளை வேறு செயலிக்கு மாற்ற முடியவில்லை, ஏற்றுமதி வசதியே அதில் இல்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

குறுக்கு வழி கிடைக்கவில்லை. ஒவ்வொரு தளமாக நுழைந்து, பழைய சரிபார்ப்பை நீக்கி, புதிதாகப் பதிந்தேன். இரண்டு இரவுகள் பிடித்தன. பழைய போனின் திரை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் மாற்றியது. வலது மூலையில் விரல் பட்டால் உணராது. 30 வினாடிக்குள் ஆறு இலக்கங்களைப் பார்த்து அடிப்பதற்குள் கை வியர்த்துவிட்டது. 13 மீண்டன. அப்பாவின் படங்கள் உள்ள பழைய மின்னஞ்சல் மட்டும் இன்னும் திறக்கவில்லை.

இந்த எண்களை உருவாக்கும் முறை 2011இல் வெளியான பொதுத் தரம். பதியும்போது தளம் காட்டும் கியூஆர் குறியீட்டுக்குள் இருப்பது ஓர் இரகசியத் திறவுகோல். அதுவும் நேரமும் சேர்ந்தே எண் பிறக்கிறது. திறவுகோல் கையில் இருந்தால் எந்தச் செயலியும் அதே எண்ணைத்தான் காட்டும். என் திறவுகோலை எனக்கே தர மறுப்பதைப் பாதுகாப்பு என்று நான் ஏற்க மாட்டேன்.

இப்போது ஏஜிஸ் (Aegis) என்ற சரிபார்ப்புச் செயலியைப் பயன்படுத்துகிறேன். கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய நகலை எடுக்க விடுகிறது. செயலி கைவிட்டாலும் கணக்கைத் திறக்கத் தளங்கள் தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, காணி உறுதியோடு அலுமாரியில் வைத்திருக்கிறேன்.