சர்ஜரி ரெசிடென்ட்களும் ஆராய்ச்சிப் பயிற்சியும்: அனுபவப் பகிர்வு

எலும்பியல், தீசிஸ் வழிகாட்டி:

"சார், சீக்கிரம் முடியற டாபிக்கா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டு வராத ரெசிடென்ட் (மேற்படிப்பில் பயிற்சி பெறும் டாக்டர்) குறைவு. ராத்திரி டியூட்டி, காலையில் ரவுண்ட்ஸ், அதை விட்டால் ஆபரேஷன் தியேட்டர். இதற்கு நடுவே தீசிஸ் (பட்டத்துக்கான ஆய்வறிக்கை) என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனாலும் ஆராய்ச்சி வேறு, அறுவைப் பயிற்சி வேறு என்று பிரித்துப் பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அதற்குக் காரணமான ஒரு சம்பவத்தை எழுதுகிறேன்.

என்னிடம் இருந்த இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட் ஒருவர், மணிக்கட்டு எலும்பு முறிந்து பிளேட் (உலோகத் தகடு) வைத்துக்கொண்டவர்களை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்துவந்தார். எக்செல் ஷீட்டைத் திறந்து பார்த்தோம். கடைசி விசிட்டுக்கான கட்டங்களில் நிறைய காலி.

"நல்லா ஆகியிருக்கும் சார், அதான் வரலை. வலி இருந்தா வந்து நின்னிருப்பாங்களே."

"அது நம்ம நினைப்புதான்ம்மா. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக் கேட்டுடுங்க."

பெரும்பாலானோர் நன்றாகவே இருந்தார்கள். வயதான ஒரு அம்மாவின் வீட்டில் மகள் போனை எடுத்தார். "எலும்பு கூடிடுச்சு டாக்டர். ஆனா அம்மாவால கட்டைவிரலைத் தூக்க முடியலை. வேற இடத்துல காட்டினோம். டெண்டன் அறுந்திருக்குன்னு மறுபடி ஆபரேஷன் பண்ணாங்க."

உள்ளங்கைப் பக்கம் பிளேட் வைத்து ஸ்க்ரூ போடும்போது, நுனி எலும்பைத் தாண்டிப் புறங்கைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், உரசி உரசியே கட்டைவிரலை நீட்டும் டெண்டன் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) அறுந்துவிடும். எல்லோரும் படித்த சிக்கல்தான். ஆனால் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் பல நேரம் கண்ணில் படாது. ரேடியஸ் எனும் முன்கை எலும்பின் பின்புறம் லிஸ்டர் டியூபர்கிள் என்ற மேடு இருக்கிறது. அதையொட்டிய பள்ளத்தில் நீட்டியிருக்கும் நுனி, மேட்டின் நிழலுக்குள் மறைந்துவிடும். அந்த ஷீட்டில் அதுவரை டெண்டன் சிக்கல் பூஜ்யம். போன் போடாமல் விட்டிருந்தால் தீசிஸிலும் பூஜ்யம் என்றே அச்சாகியிருக்கும்.

அதன்பின் அந்த ரெசிடென்ட் ஒவ்வொரு கேஸிலும் தையலுக்கு முன் மணிக்கட்டை நன்றாக மடக்கவைத்து, சி-ஆர்மில் (தியேட்டரிலேயே பார்க்கும் எக்ஸ்ரே கருவி) எலும்பின் புறங்கைப் பக்க விளிம்பைக் காட்டும் ஸ்கைலைன் வியூ எடுத்துப் பார்க்காமல் மூடுவதில்லை. அந்தப் பழக்கம் வந்தது அந்த ஷீட்டின் காலிக் கட்டங்களிலிருந்துதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு ஜர்னல் கிளப்பில் (ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்ந்து படித்து விவாதிக்கும் கூட்டம்) நான் முதலில் கொடுப்பது 2013-இல் பின்லாந்திலிருந்து வெளியான ஃபிடெலிட்டி ஆய்வு. முழங்கால் தேய்மானம் இல்லாமல் மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் இருக்கும் மெத்தை போன்ற குருத்தெலும்பு) மட்டும் நைந்து கிழிந்த 146 பேர். எல்லோருக்கும் ஆர்த்ராஸ்கோப் (மூட்டுக்குள் பார்க்கும் கேமரா குழாய்) உள்ளே போகும். அதன்பிறகு யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் முடிவு செய்து மூடிவைத்த உறையைப் பிரித்து, பாதிப் பேருக்குக் கிழிசலை வெட்டி எடுத்தார்கள், மீதிப் பேருக்கு எதையும் வெட்டாமல் பாவனை மட்டும் செய்தார்கள். அதிலும் எவ்வளவு கவனம் பாருங்கள்: கருவிகளைக் கேட்டு வாங்கி, பிளேடு இல்லாத ஷேவரை (கிழிசலைச் சுரண்டி எடுக்கும் கருவி) வெளியிலிருந்து முழங்கால் சில்லில் வைத்து அழுத்தினார்கள், நோயாளிக்கு வித்தியாசம் தெரியக்கூடாது என்பதற்காக. ஓராண்டு கழித்து வலியிலும் இயக்கத்திலும் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரு முறை முதலாமாண்டுத் தம்பி ஒருவர் எழுந்து, "ஒண்ணும் செய்யாம தைச்சு அனுப்பறது நியாயமா சார்?" என்று கேட்டார். அன்று அதைப் பேசவே நேரம் போதவில்லை. பலன் தராத ஆபரேஷனைப் பலருக்கும் தொடர்ந்து செய்துகொண்டிருப்பது மட்டும் நியாயமா என்ற இடத்துக்குப் பேச்சு தானாகவே வந்து சேர்ந்தது. எத்திக்ஸ் கமிட்டி படிவத்தை நிரப்பிக் கற்க முடியாததை அந்த ஒரு கேள்வி கற்றுக்கொடுத்தது.

பொது அறுவை சிகிச்சை, இறுதியாண்டு:

சார் எழுதியதைப் படித்ததும் எங்கள் புள்ளியியல் மேடம்தான் நினைவுக்கு வந்தார். காயத்தில் சீழ் பிடிப்பது இரண்டு வகைத் தையலில் எதில் குறைவு என்று ஒப்பிட நினைத்திருந்தேன். நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்குமுன்பே மேடத்தைப் பார்க்கச் சொன்னார் என் வழிகாட்டி. "பத்து சதவீதம் ஐந்தாகக் குறையும்னு காட்டணும்னா, எண்பது சதவீத பவருக்கு, அதாவது இருக்கிற வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்புக்கு, ஒவ்வொரு குழுவிலும் 400 பேருக்கு மேல வேணும். உங்க காலத்துல எத்தனை பேர் கிடைப்பாங்க?" என்று மேடம் கேட்டார். அதில் கால்வாசி கூடத் தேறாது.

டாபிக்கைக் கைவிடச் சொல்லவில்லை, கேள்வியை மாற்றச் சொன்னார். ஒரே காயத்தைத் தனித்தனியாகப் பார்க்கும் இரு டாக்டர்கள் "சீழ் உண்டு, இல்லை" என்பதில் எந்த அளவு ஒத்துப்போகிறார்கள்? இதைக் கப்பா கணக்கால் (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்து ஒற்றுமையை அளக்கும் முறை) அளக்கலாம், ஒரு ரெசிடென்ட்டால் செய்து முடிக்கவும் முடியும். நானும் இன்னொருவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் டிரஸ்ஸிங்கைப் பிரித்துக் குறித்தோம். தையல் ஓரம் சிவந்திருப்பதை நான் தொற்று என்று எழுதிய இடங்களில் அவர் சும்மா சிவப்பு என்றே எழுதியிருந்தார். வார்டு ரவுண்ட்ஸில் "காயம் நல்லா இருக்கு" என்று சொல்லும்போது இப்போதெல்லாம் அருகில் போய் இன்னொரு முறை பார்க்கிறேன்.

பெரிய எண்ணிக்கை வேண்டுமென்றால் கூட்டாகத்தான் செய்ய வேண்டும். 2013-இல் வெளியான ரொஸ்ஸினி ஆய்வை நடத்தியவர்கள் பயிற்சியில் இருந்த சர்ஜன்களே: பிரிட்டனில் 21 மருத்துவமனைகள், 760 நோயாளிகள். வயிற்றைத் திறக்கும்போது காயத்தின் விளிம்புக்குப் போடும் பாதுகாப்பு வளையம் தொற்றைக் குறைக்கிறதா என்று பார்த்தார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தொற்று, வளையத்தால் பலன் இல்லை. ரெசிடென்ட்கள் சேர்ந்தால் எவ்வளவு உருப்படியான பதில் கிடைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சிறுநீரக அறுவை சிகிச்சை (யூராலஜி), முதலாமாண்டு:

எனக்கு இன்னும் பெரிய அனுபவம் இல்லை. வாரத்தில் ஒரு பிற்பகல் ஆராய்ச்சிக்கு என்று ரோஸ்டரில் எழுதியிருக்கிறது, ஆனால் தியேட்டர் நீண்டால் முதலில் போவது அதுதான். போன மாதம் சீஃப்பிடம் நேரில் கேட்டேன். "ரோஸ்டர்ல இருந்தா நீ தியேட்டரை விட்டுக் கிளம்பலாம், உனக்குப் பதில் யாருன்னு மட்டும் காலையிலேயே சொல்லிடு" என்றார். இப்போது நாங்கள் இருவர் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். அந்த நேரத்தில்தான் ஆய்வைப் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்யும் வேலையை முடித்தேன், முதல் நோயாளியைச் சேர்க்குமுன் அது முடிந்தாக வேண்டும். மூன்று பேருக்குக் குறைவான யூனிட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள் அண்ணா, அக்கா.